கம்பின் நுனி

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, கூடத்துச் சுவரில் 18 வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு படத்தை முதல்முறையாகக் கீழே இறக்கினோம். என்ஜிசி 1300 என்கிற கேலக்ஸியின் படம் அது. ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தது. 2005 ஜனவரியில் வெளியானது. வெளியான சில மாதங்களிலேயே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து மாட்டினேன். நடுவில் மஞ்சளாக, நேராக ஒரு பட்டை. அதன் இரண்டு நுனிகளிலிருந்தும் கிளம்பி வளைந்து போகும் இரண்டு நீலக் கைகள். எரிடானஸ் மண்டலத்தில், ஆறேழு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. 1835இல் ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தெற்கு வானத்தைத் துழாவியபோது கண்ணில் பட்டது. நான் பார்த்த எந்த வான்படமும் இதைப் போல என்னை இழுத்ததில்லை. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

பெயிண்டர் அண்ணன் அறுபதை நெருங்குகிறவர். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடிக்கும் வரைக்கும் படம் ஜன்னலோரம் சாய்ந்திருந்தது. டீ குடிக்க உட்கார்ந்த நேரத்தில் அவர் பார்வை அதில் நிலைத்தது. என்னவென்று கேட்டார். கோடிக்கணக்கான சூரியன்கள் சேர்ந்து இருக்கிற இடம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "எந்தப் பக்கமா சுத்துது தம்பி?" என்றார்.

அதற்கு எனக்கு விடை தெரியும். ஓடுகிறவர் தோளில் கிடக்கும் துண்டு பின்பக்கம் பறப்பதைப்போல, சுருள் கைகள் பெரும்பாலும் சுழற்சிக்குப் பின்னால் இழுபட்டுக் கிடக்கும். அதை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம். விரலால் வளைத்துக் காட்டினேன்.

"நடுவுல கம்பு மாதிரி இருக்கே, அதுவும் சுத்துமா?"

"ஆமாண்ணே, எல்லாம் ஒண்ணாத்தான் சுத்தும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சீலிங்குக்கு அடிக்க வைத்திருந்த ரோலர் கம்பை எடுத்தார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வீசிக் காட்டினார். "பாருங்க, கை இருக்கற இடம் இம்புட்டுதான் நகருது. நுனி இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவத்துக்குப் போயிருது. அப்ப அந்த நுனியில இருக்கற சூரியனெல்லாம் அவ்வளவு வேகமா ஓடணுமே, ஓடுமா?"

ஓடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். சொன்ன அந்த நிமிடமே அது தவறு என்று எனக்குத் தெரியும்.

கேலக்ஸியின் தட்டில் சுற்றும் விண்மீன்கள், மையத்துக்கு மிக அருகிலுள்ள பகுதியை விட்டுவிட்டால், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் போகின்றன. பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் போடும் வட்டக் கோடுகளை நினைத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே வேகத்தில் ஓடினால், உள்கோட்டில் ஓடுகிறவர் சீக்கிரம் ஒரு சுற்றை முடிப்பார், வெளிக்கோட்டில் ஓடுகிறவர் பின்தங்குவார். எல்லாரையும் நேர்வரிசையில் நிறுத்தி விசில் ஊதினாலும் அரைச் சுற்றுக்குள் அந்த வரிசை கோணலாகிவிடும், இரண்டு மூன்று சுற்றில் கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். கேலக்ஸிகள் பிறந்ததிலிருந்து டஜன்கணக்கில் சுற்றிவிட்டன. அப்படியும் என் சுவரில் அந்தப் பட்டை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி நிற்கிறது. அது ஏதோ ஒரு கேலக்ஸியின் விசேஷமும் இல்லை. அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால், நமக்கு அருகிலிருக்கும் தட்டு வடிவ கேலக்ஸிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை இருக்கிறது.

வாராவாரம் பிள்ளைகளுக்கு வானவியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். "இது பட்டைச் சுருள் வகை" என்று ஒரு வரியில் சொல்லி அடுத்த படத்துக்குப் போவதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். 18 வருடம் அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு வராத கேள்வி, டீ ஆறுவதற்குள் அவருக்கு வந்துவிட்டது. பொங்கல் போய், மாசி போய், பங்குனி வந்தபிறகும் அந்தக் கம்பு எனக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

அது பொருள் அல்ல

ஒரு பங்கு பழி சொல்லின் மேல் என்று நினைக்கிறேன். 1918இல் ஹீபர் கர்ட்டிஸ் இந்த வகையைப் பிரித்துக் காட்டியபோது, கிரேக்க எழுத்தான ஃபை போல, வட்டத்தைக் குறுக்கே வெட்டும் கோடாக இருப்பதால் அதை ஃபை வகை என்று அழைத்தார். எழுத்தின் உருவம் மட்டும்தான் அந்தப் பெயரில் இருந்தது. 1926இல் எட்வின் ஹப்பிள் கேலக்ஸிகளை வகைப்படுத்தியபோது, சாதாரணச் சுருள்கள் ஒரு வரிசை, பட்டை உள்ளவை ஒரு வரிசை என்று இரண்டு கிளையாகப் பிரித்தார். அதற்கப்புறம் பட்டை என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் பட்டை என்கிறோம், சிலர் தண்டு என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் கையில் பிடித்துத் தூக்கக்கூடிய ஒரு பொருளின் பெயராகவே காதில் விழுகிறது. பெயிண்டர் அண்ணன் அதைக் கம்பு என்று நினைத்ததில் அவர் தவறு எதுவும் இல்லை.

உண்மையில் எந்த விண்மீனும் பட்டையில் ஓர் இடத்தில் பதிந்து உட்கார்ந்திருக்கவில்லை. தனியாக ஒரு விண்மீனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது மையத்தைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை. சுற்றிக்கொண்டே கொஞ்சம் உள்ளே வரும், கொஞ்சம் வெளியே போகும். ஒரு தடவை உள்ளே வந்து வெளியே போக எடுக்கும் நேரமும், ஒரு சுற்று முடிக்க எடுக்கும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. அதனால் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து பாதை மூடாது. வாசலில் போடும் சிக்குக் கோலம்போல வளைவு வளைவாக மையத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகும்.

சரி, இப்போது நாமும் ஒரு குறிப்பிட்ட, நிதானமான வேகத்தில் சுற்றிக்கொண்டே அந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? சிக்கு அவிழ்ந்துவிடும். அந்த விண்மீன் மையத்தைச் சுற்றி அழகான ஒரு நீள்வட்டத்தில் போய்வருவது தெரியும். அதாவது, விண்மீன் ஒரு நீள்வட்டத்தில் ஓடுகிறது. அந்த நீள்வட்டமே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த வானியலாளர் பெர்ட்டில் லிண்ட்பிளாட் கவனித்த விஷயம் இங்கேதான் வருகிறது. விண்மீன்கள் ஒரு சுற்று முடிக்கும் நேரம் மையத்திலிருந்து தூரம் போகப் போக வெகுவாக மாறுகிறது. ஆனால் நீள்வட்டங்கள் திரும்பும் வேகம் தட்டின் பெரும்பகுதியில் அவ்வளவாக மாறுவதில்லை. உள்ளே இருக்கும் சின்ன நீள்வட்டமும் வெளியே இருக்கும் பெரிய நீள்வட்டமும் ஏறக்குறைய ஒரே நிதானத்தில் திரும்புகின்றன. கொஞ்சநஞ்ச வித்தியாசத்தை அவற்றின் ஈர்ப்பே சரிசெய்கிறது. முந்துவதைப் பின்னிழுக்கிறது, பிந்துவதை முன்னிழுக்கிறது. கடைசியில் அத்தனை நீள்வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே திசையில் நீண்டு, சேர்ந்து திரும்புகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு அது பட்டை.

சுருள் கைகளைப் பற்றிச் சொல்லும்போது, அவை போக்குவரத்து நெரிசல் மாதிரி, விண்மீன்கள் உள்ளே வந்து வெளியே போய்விடும் என்று சொல்வார்கள். பட்டை அப்படியும் இல்லை. அதற்குள் சிக்கிய விண்மீன் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் கிடக்கும். பட்டையின் நீளவாக்கில் ஒரு நுனிப்பக்கம் ஓடும், திரும்பி மறு நுனிப்பக்கம் வரும். மேலும், பட்டை திரும்பும் வேகத்தைவிட அதற்குள் இருக்கும் விண்மீன்கள் வேகமாகச் சுற்றுகின்றன. ஆற்றுச் சுழி ஒரே இடத்தில் நின்றாலும் தண்ணீர் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அவர் கேள்விக்குள் இருந்த விடை

இவ்வளவு படித்தபிறகும் பெயிண்டர் அண்ணனின் கேள்வி தீரவில்லை. பட்டை கம்பு இல்லை, சரி. ஆனால் அதன் உருவம் ஒரே கோண வேகத்தில், அதாவது உள்ளும் வெளியும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும்படி, திரும்புகிறது என்பது உண்மைதானே? அப்படியென்றால் உருவத்தின் நுனி, அவர் வீசிய ரோலர் மாதிரி, மையத்திலிருந்து தூரம் போகப் போக வேகமாகப் போகத்தான் வேண்டும். விண்மீன்களின் வேகமோ ஏறவில்லை. அப்போது ஏதோ ஓர் இடத்தில் உருவத்தின் வேகம் விண்மீன்களின் வேகத்தைத் தொட்டுவிடுமே, அங்கே என்ன நடக்கும்?

அந்த இடத்துக்கு ஒரு பெயரே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடன்சுழல் வட்டம் என்று சொல்லலாம். அந்தத் தூரத்தில் சுற்றும் விண்மீனும் பட்டையின் உருவமும் சமமாகச் சுற்றுகின்றன. கிரேக்க வானியலாளர் ஜார்ஜ் கான்டோபுலோஸ் 1980இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: பட்டை இந்த வட்டத்தைத் தாண்டி நீள முடியாது. வட்டத்துக்கு உள்ளே பட்டையோடு சேர்ந்து நீளும் பாதைகள் இருக்கின்றன. வெளியே போனால் பட்டைக்குக் குறுக்கே நீளும் பாதைகள்தான் கிடைக்கின்றன, அவற்றை வைத்துப் பட்டை கட்ட முடியாது. நுனி எவ்வளவு வேகமாகப் போகும் என்று பெயிண்டர் அண்ணன் கேட்டார். அந்த நுனி வேகம்தான் பட்டையின் நீளத்துக்கே எல்லை போடுகிறது. நான் மழுப்பிவிட்டு உள்ளே போன கேள்வி, இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒவ்வொரு பட்டையைப் பார்த்தும் முதலில் கேட்கும் கேள்வி.

நம் பால்வீதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்முடையதும் பட்டைச் சுருள்தான். அரைப் பட்டையின் நீளம் சுமார் 16,000 ஒளியாண்டு. பட்டை ஒரு சுற்றுச் சுற்ற 15 முதல் 18 கோடி ஆண்டு ஆகிறது. அப்படியானால் நுனியின் வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு அருகில் வருகிறது. அந்தப் பகுதியில் விண்மீன்கள் வட்டப்பாதையில் போகும் வேகம் 220, 230 என்ற அளவில் இருக்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் நிற்கிறது. தாளில் இந்தக் கணக்கு சரியாக வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு இரவு, 20,000 புள்ளிகள்

எனக்குக் கொஞ்சம் நிரல் எழுதத் தெரியும். சித்திரை விடுமுறையில் ஒரு காரியம் செய்தேன். 20,000 புள்ளிகளைத் தட்டாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் வட்டமாகச் சுற்றத் தேவையான வேகத்தைக் கொடுத்து, அதோடு கொஞ்சம் தாறுமாறான வேகத்தையும் சேர்த்தேன். நியூட்டனின் ஈர்ப்பு விதியைத் தவிர அந்த நிரலில் வேறு எதுவும் இல்லை. பட்டை என்ற சொல்லே அதில் கிடையாது. இரவு பத்து மணிக்கு ஓடவிட்டு, மடிக்கணினியின் மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து சேமித்து வைத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். முதலில் வட்டமான தட்டு. அப்புறம் மங்கலாகச் சில சுருள்கள் தோன்றின, கலைந்தன, மறுபடி தோன்றின. மூன்றாவது சுற்று முடியும் நேரத்தில் நடுப்பகுதி கொஞ்சம் நீளவாக்கில் தெரிந்தது. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த படத்தில் இன்னும் நீண்டது. அதற்கடுத்ததில் இன்னும். அப்புறம் பார்த்தால் திரையின் நடுவில் என் சுவர்ப்படத்தில் இருக்கும் அதே உருவம், சுற்றிக்கொண்டு, மடங்காமல், நேராக. பல் தேய்க்காமல், காப்பி குடிக்காமல் அந்த நாற்பது ஐம்பது படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதை நீங்களா வரைஞ்சீங்க?" என்று கேட்டார். இல்லை. யாருமே வரையவில்லை.

இதை நான் முதலில் பார்த்தவன் இல்லை என்பது தெரியும். 1970ஐ ஒட்டிய வருடங்களில் கணினியில் தட்டுகளை ஓடவிட்டவர்கள் எல்லாரும் இதைப் பார்த்தார்கள். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஃபிராங்க் ஹோல் ஒரு லட்சம் புள்ளிகளை வைத்து 1971இல் செய்து காட்டினார். அவர்களுக்கு அது மகிழ்ச்சி தரவில்லை, தொல்லையாக இருந்தது. சும்மா விட்டால் எல்லாத் தட்டும் சில சுற்றுக்குள் தடித்த பட்டையாகிவிடுகிறது என்றால், வானத்தில் பட்டையில்லாத சுருள்கள் எப்படி இருக்கின்றன? பால்வீதிக்குப் பட்டை இருப்பதும் அன்று தெளிவாகத் தெரியாது.

1973இல் பிரின்ஸ்டனில் ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜிம் பீபிள்ஸும் ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் பயன்படுத்தியது வெறும் 150 முதல் 500 புள்ளிகள். தட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத, உருண்டையான, கனமான ஒரு உறை இருக்கவேண்டும். அதன் ஈர்ப்பு தட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பட்டை வராமல் தடுக்கிறது என்றார்கள். கரும்பொருள் என்ற கருத்தை வானியலாளர்கள் பெரிய அளவில் ஏற்கத் தொடங்கியதற்கு இந்தக் கட்டுரையும் ஒரு காரணம். பீபிள்ஸுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. நானும் என் நிரலில் அசையாத ஓர் உறையைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். அவர்கள் சொன்னது போலவே, பட்டை வரவில்லை. மங்கலான சுருள்கள் மட்டும் வந்து வந்து போயின.

இதோடு முடிந்திருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும். மார்செய் வானாய்வகத்தில் லியா அத்தனசோலா 2002இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. அவர் உறையை அசையாப் பொருளாக வைக்கவில்லை. அதையும் துகள்களாலேயே கட்டினார். தட்டு இழுத்தால் அசையக்கூடிய, பதிலுக்குத் தட்டை இழுக்கக்கூடிய உறை. விளைவு தலைகீழாக இருந்தது. கனமான உறைக்குள் பட்டை உருவாகக் கொஞ்சம் தாமதமாகிறது. ஆனால் உருவானபிறகு, மெல்லிய உறைக்குள் வளரும் பட்டையைவிட நீளமாகவும் வலுவாகவும் வளர்கிறது. பட்டையைத் தடுக்கத்தான் உறை என்று கூட்டிவந்தார்கள். அந்த உறையே பட்டைக்குத் தீனி போடுகிறது.

காரணம் கோண உந்தம், அதாவது சுற்றும் பொருளிடம் இருக்கும் சுழற்சியின் அளவு. பட்டைக்குள் இருக்கும் விண்மீன்கள் சுழலும் உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கின்றன. இழக்க இழக்க அவற்றின் நீள்வட்டங்கள் இன்னும் ஒடுங்கி நீள்கின்றன, பட்டை வலுக்கிறது. இழந்ததை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டுமே? வெளித்தட்டு கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. அசையும் உறை இருந்தால் அது நிறைய வாங்கிக்கொள்கிறது. என் நிரலில் இருந்தது போன்ற அசையாத உறைக்கு வாங்கிக்கொள்ளக் கையே கிடையாது. அதுதான் வித்தியாசம். பட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் வளர்கிறது. கொடுப்பதால் அதன் சுழற்சி மெதுவாகிறது. சுழற்சி மெதுவானால் நுனியின் வேகம் குறைகிறது, உடன்சுழல் வட்டம் வெளியே தள்ளிப்போகிறது, எல்லை தளர்கிறது. அதனால் பட்டை இன்னும் நீள இடம் கிடைக்கிறது. பெயிண்டர் அண்ணனின் கம்பை மெதுவாக வீசினால், நுனி அதே வேகத்தைத் தொட இன்னும் நீளமான கம்பு தேவைப்படும், அவ்வளவுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படையாக இருக்கும் இயற்பியல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் எழுதியது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெள்ளைக் குள்ளன் என்ற விண்மீன் வகையைச் சொன்னால்தான் நமக்கு அவர் பெயர் நினைவுக்கு வருகிறது. 1943இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது அவர் இயக்க உராய்வு பற்றி எழுதினார். கனமான ஒரு பொருள் விண்மீன் கூட்டத்தின் நடுவே போனால், அது கடந்து போன வழியில் விண்மீன்கள் ஈர்க்கப்பட்டுக் கொஞ்சம் கூடும். பின்னால் கூடிய அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு, முன்னால் போகும் பொருளைப் பிடித்து இழுக்கும். எதுவும் எதோடும் உரசாமலே வேகம் குறையும். சுழலும் பட்டைக்குப் பின்னால் கரும்பொருள் உறையில் விழும் தடமும் பட்டையை அப்படித்தான் பிடித்து இழுக்கிறது.

அந்த இழுவை எவ்வளவு வலுவானது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. உறை அவ்வளவு கனமாக இருந்தால் பட்டைகள் இந்நேரம் வெகுவாக மெதுவாகியிருக்க வேண்டும். ஆனால் வானத்தில் அளக்கும் பட்டைகளில் பெரும்பாலானவை தங்கள் உடன்சுழல் வட்டத்துக்கு அருகில்தான் முடிகின்றன. நீண்ட காலமாக உராய்ந்து தளர்ந்த பட்டையின் அடையாளம் இது இல்லை. வாயு இருந்தால் அது பட்டைக்கு உந்தத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்கிறார்கள், உறையே நாம் நினைப்பதைவிட மெல்லியது என்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் வாயு பட்டையில் என்ன பாடுபடுகிறது என்பதைப் படத்திலேயே பார்க்கலாம். என்ஜிசி 1300இல் பட்டையின் முன்விளிம்பை ஒட்டி இரண்டு மெல்லிய கரிய தூசிக் கோடுகள் மையம் வரை ஓடும். வாயு அங்கே மோதி, வேகம் இழந்து, உள்ளே வழிகிறது. மையத்தில் சுமார் 3,300 ஒளியாண்டு அகலத்துக்குத் தனியாக ஒரு குட்டிச் சுருள் தட்டு உருவாகியிருக்கிறது. என்ஜிசி 1097இல் அதே இடத்தில் புது விண்மீன்கள் நெருப்பு வளையமாக எரிகின்றன.

நமக்குள்ளே இருப்பது

பால்வீதிக்குப் பட்டை இருக்கலாம் என்று வாயுவின் ஓட்டத்தை வைத்து 1964இலேயே வானியலாளர் ஜெரார் த வொக்கூலர் சொன்னார். பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1990களின் தொடக்கத்தில் வாயுவின் வேகமும் அகச்சிவப்புப் படங்களும் சேர்ந்து அதை உறுதிசெய்தன. என் சுவர்ப்படம் வெளியான அதே 2005இல்தான், ஸ்பிட்சர் தொலைநோக்கியில் பதிவான சுமார் 3 கோடி விண்மீன்களை வைத்து விஸ்கான்சின் குழு ஒன்று நம் பட்டையின் நீளத்தை 27,000 ஒளியாண்டு என்று அளந்தது. சந்திரசேகர் உராய்வைப் பற்றி எழுதிய அதே மாநிலம். பின்னால் வந்த அளவீடுகள் நீளத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கின்றன. பட்டையின் நடுப்பகுதி காலப்போக்கில் மேலும் கீழுமாகப் பிதுங்கி, பக்கவாட்டில் பார்த்தால் கடலைக்காய் போல இருக்கிறது. 2015இல் டஸ்டின் லாங் வேறு காரியத்துக்காகச் செய்து ட்விட்டரில் போட்ட அகச்சிவப்புப் படத்தில், மெலிசா நெஸ் அந்தப் பிதுக்கத்தின் பெருக்கல் குறி வடிவத்தைக் கண்டுகொண்டார்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 2021இல் வந்தது. நம் பட்டை பிறந்ததிலிருந்து சுமார் கால் பங்கு வேகத்தை இழந்திருக்கிறது என்று ரிம்பெய் சிபாவும் ரால்ஃப் ஷோன்ரிக்கும், விண்மீன்களின் இடத்தையும் வேகத்தையும் அளந்த கையா செயற்கைக்கோளின் தரவுகளை வைத்துச் சொன்னார்கள். சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் ஹெர்குலிஸ் ஓடை என்று ஒரு விண்மீன் கூட்டம் இருக்கிறது. பட்டையின் உடன்சுழல் வட்டத்தில் சிக்கி, அதோடு கட்டுண்டு சுற்றுகிறவை அவை. பட்டை மெதுவாக மெதுவாக அந்த வட்டம் வெளியே நகர்கிறது. போகிற வழியில் புதிது புதிதாக விண்மீன்களைச் சேர்த்துக்கொள்கிறது. முதலில் சேர்ந்தவை கூட்டத்தின் நடுவில், பிறகு சேர்ந்தவை விளிம்பில், மரத்தின் வளையங்கள் மாதிரி. நடுவில் இருப்பவற்றில் உலோகச் சத்து (ஹைட்ரஜன், ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) அதிகம், ஏனென்றால் கேலக்ஸியின் உட்பகுதியில் பிறந்தவை அவை. அடுப்புக்குள் கையை விடாமல் ஆவியை வைத்தே சோறு வெந்ததைச் சொல்வதுபோல, கண்ணுக்கே தெரியாத கரும்பொருளின் இழுவையை நம் பக்கத்து விண்மீன்களை வைத்துப் படித்திருக்கிறார்கள்.

பட்டை என்பது முதிர்ச்சியின் அடையாளம் என்று பிள்ளைகளிடம் நான் வெகுகாலம் சொல்லியிருக்கிறேன். அதற்குக் காரணம் இருந்தது. 2008இல் கார்த்திக் சேத்தும் அவருடன் இருந்தவர்களும் 2,000க்கு மேற்பட்ட சுருள் கேலக்ஸிகளைப் பார்த்து, 700 கோடி ஆண்டுக்கு முன்பு ஐந்தில் ஒன்றுக்குத்தான் பட்டை இருந்தது என்றார்கள். ஆனால் 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் வந்தன. ஈஜிஎஸ் 23205 என்ற கேலக்ஸி ஹப்பிளில் வெறும் மங்கல் திட்டாகத் தெரிந்தது. வெப்பில் பார்த்தால் நடுவில் தெளிவான பட்டை. அது 1,100 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒளி. அவ்வளவு இளம் தட்டுகளுக்கும் பட்டை கட்ட முடிந்திருக்கிறது. என் 20,000 புள்ளிகளுக்கு மூன்று சுற்று போதுமாக இருந்ததைப் பார்த்தபிறகு எனக்கு அதில் வியப்பு குறைவாகத்தான் இருக்கிறது. முதிர்ச்சி என்ற சொல்லை என் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆடியில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. பார்ப்பதற்காகப் பெயிண்டர் அண்ணன் வேறொரு வேலையை முடித்துவிட்டு ஏழரை மணிக்குத்தான் வந்தார். டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்து முடிக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. நல்ல காற்று, மேகம் இல்லை. அன்று நான் சொன்னது தவறு என்று அவரிடம் சொன்னேன். விண்மீன்களைவிட வேகமாக நுனி போக முடியாது, அதனால்தான் கம்பு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்றேன். "அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

நம்முடையதிலும் கம்பு உண்டா என்று கேட்டார். தெற்கே திரும்பி, தேளின் கொடுக்கில் இருக்கும் மூலம் நட்சத்திரத்தைக் காட்டினேன். பட்டையின் தூரத்து நுனி அந்தத் திசையில். கிழக்கே எழும்பிக்கொண்டிருந்த திருவோணத்தைக் காட்டினேன். மூலத்திலிருந்து திருவோணம் வரை கோடு போட்டு, முக்கால்வாசி தூரம் வந்தால் கிட்டத்து நுனி. நடு மையம் மூலத்துக்குப் பக்கத்திலேயே, தனுசில் இருக்கிறது. ஊர் வெளிச்சத்தில் பால்வீதி தெரியவில்லை, அந்த இரண்டு நட்சத்திரங்களும் தெரிந்தன.

"நடுவுலேருந்து அந்தப் பக்கம் குட்டையா இருக்கு, இந்தப் பக்கம் நீளமா இருக்கு?"

"கம்பு நம்மள பாத்துச் சாஞ்சிருக்குண்ணே. முப்பது டிகிரி கிட்ட."

துணி காயப்போடும் கொடிக்கம்பு ஒன்று மூலையில் கிடந்தது. எடுத்துத் தன் கண்ணுக்கு நேராக நீட்டி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஆமா. கிட்ட இருக்கற பாதிதான் பெருசாத் தெரியுது." கம்பை இறக்காமலே கேட்டார்: "இந்த நுனி இப்ப நம்ம பக்கம் வருதா, தாண்டிப் போவுதா?"

பட்டை நம்மைவிடச் சீக்கிரம் சுற்றுகிறது. நாம் போகிற திசையில், நமக்கு முன்னால் இருக்கிறது அந்த நுனி. தாண்டிப் போய்ச் சில கோடி வருடம் ஆகிறது என்று சொன்னேன். அவர் கம்பின் நுனியை மூலத்திலிருந்து திருவோணத்தின் பக்கமாக, மிக மெதுவாக, நகர்த்திக்கொண்டே போனார்.